மாசிக்காய் மையில் ஜெபமும் படிப்பும்

பரோக் காலத்து மை ஓவியங்களில் பக்தியும் கல்வியும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பரோக் என்று இங்கே சொல்வது ஏறத்தாழ 1590 முதல் 1700 வரையிலான ஐரோப்பாவை.

கேள்வி: அந்தக் காலத்து மை ஓவியத் தொகுப்பு எதைப் புரட்டினாலும் ஒரு கிழவர், ஒரு புத்தகம், ஒரு மண்டை ஓடு. சில படங்களில் சிங்கமும் இருக்கிறது. யார் இவர்? ஏன் இத்தனை முறை வரைந்தார்கள்?
– ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் அவர் புனித எரோணிமுஸ். ஜெரோம் என்றால் பலருக்கு உடனே தெரியும். 382-ல் ரோமாபுரிக்கு வந்து திருத்தந்தை தமாசுஸுக்குச் செயலராக இருந்தவர். பிறகு பெத்லகேமில் தங்கி, எபிரேய மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய ஏற்பாட்டை இலத்தீனில் பெயர்த்தார். 420-ல் இறந்தார். பின்னாளில் வுல்காத்தா என்று பெயர் பெற்ற இலத்தீன் விவிலியத்தில் பெரும்பகுதி அவர் கைவண்ணம்.

பரோக் காலம் அவரைத் தேடிப்போனதற்குத் தெளிவான காரணம் உண்டு. வுல்காத்தாவில் பிழைகள் இருக்கின்றன, மூலமொழிக்குப் போக வேண்டும் என்று புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள் வாதிட்டார்கள். 1546-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், திருச்சபையின் பயன்பாட்டுக்கு வுல்காத்தாவே அதிகாரபூர்வமான பாடம் என்று தீர்மானித்தது. நூலின் மதிப்பு உயர, பெயர்த்தவரின் மதிப்பும் உயர்ந்தது. அதே சங்கம் ஒப்புரவையும் (பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது) தவத்தையும் வலியுறுத்தியது. எரோணிமுஸோ பாலைவனத்தில் தவம் செய்தவர். கல்லை எடுத்து மார்பில் அடித்துக்கொள்பவராகவே அவரை வரைவார்கள். படிப்பாளி, தபசி இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்துவிட்டன.

அந்த இரண்டும் அவருக்குள் மோதிக்கொண்டதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு கனவில் நியாயாசனத்தின் முன் நிறுத்தப்படுகிறார். கிறிஸ்தவன் என்று சொல்கிறார். இல்லை, நீ பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் ஆள் என்று தீர்ப்பாகி, சவுக்கடி விழுகிறது. இலத்தீன் இலக்கியத்தை அளவுக்கு மீறி நேசித்ததுதான் குற்றம். இந்தக் கனவை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஓவியங்களைப் பாருங்கள். திறந்த புத்தகமும் கையிலுள்ள கல்லும் ஒரே தாளில் ஏன் இருக்கின்றன என்பது புரியும். எங்களைக் கேட்டால் பரோக் சமய ஓவியத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது.

இனி அடையாளங்கள். சிவப்புத் தொப்பி கர்தினாலுடையது. கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி கிடைத்ததே 13-ஆம் நூற்றாண்டில்தான். எரோணிமுஸ் கர்தினாலாக இருந்ததும் இல்லை. ஆனாலும் மரபு ஒட்டிக்கொண்டது. சிங்கத்தின் காலில் முள் எடுத்த கதை ஜெராசிமுஸ் என்ற வேறொரு துறவியுடையது. பெயர் ஒலி ஒத்திருந்ததால் இவரிடம் வந்து சேர்ந்தது. சிங்கத்துக்குச் சிறகு இருந்தால் அது நற்செய்தியாளர் மாற்குவின் சிங்கம், இவருடையது அல்ல. வானதூதர் காதருகே எதையோ சொல்லிக்கொண்டிருந்தால், அல்லது எழுதும் கையை வழிநடத்தினால், அந்தக் கிழவர் நற்செய்தியாளர் மத்தேயு. வானதூதர் எக்காளம் ஊதினால் எரோணிமுஸ். அது இறுதித் தீர்ப்பின் எக்காளம். ஸ்பெயினில் பிறந்து நேப்பிள்ஸில் வாழ்ந்த ஓவியர் ரிபெரா 1621-ல் இந்தக் காட்சியைச் செப்புத் தகட்டிலும் பதித்திருக்கிறார்.

புத்தகம் கிழவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. அன்னம்மாள் சிறுமி மரியாளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சி அந்த நூற்றாண்டில் மிகவும் பரவியிருந்தது. அதற்கு எதிர்ப்பும் இருந்தது. செவில் நகரத்து ஓவியரும் வெலாஸ்கேஸின் மாமனாருமான பச்சேக்கோ, மரியாள் பிறவியிலேயே நிறை அறிவு பெற்றவர், அவருக்கு எழுத்துக் கற்பிப்பதாக வரையக்கூடாது என்றார். பக்தர்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. தாய் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கேள்வி: அருங்காட்சியகக் குறிப்புகளில் எல்லாம் 'பேனாவும் பழுப்பு மையும்' என்றே இருக்கிறது. அன்று கறுப்பு மை கிடையாதா?
– வாசகி, திருச்சி

பதில்: கிடைத்தது. நாம் இன்று பழுப்பாகப் பார்ப்பதில் பெரும்பகுதி, வரைந்த அன்று கருநீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் இருந்தது. அது இரும்பு மை. மாசிக்காய்ச் சாற்றில் (ஓக் மரத்தில் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சுதான் மாசிக்காய்) அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கலந்து செய்வது. நூறு, இருநூறு ஆண்டுகளில் அது பழுப்பாக மாறும். பிறவியிலேயே பழுப்பான மையும் ஒன்று உண்டு. அதன் பெயர் பிஸ்டர். அடுப்புப் புகைக்கூண்டில் படிந்த கரியை நீரில் காய்ச்சி வடிப்பது. கரித்தூளும் பிசினும் சேர்ந்த கறுப்பு மை மூன்றாவது. அது நிறம் மாறாது, காகிதத்தை அரிக்காது.

வெறும் கண்ணால் முதல் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால்தான் அருங்காட்சியகங்கள் பொருளின் பெயரைச் சொல்லாமல் 'பழுப்பு மை' என்று நிறத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அது நேர்மையான வழக்கம். பழைய நூல்களில் 'செப்பியா' என்று எழுதியிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். கணவாய் மீனின் மையான செப்பியா ஓவியர்களிடையே பரவியது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

வீட்டிலோ நூலகத்திலோ பழைய தாள் கிடைத்தால் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கோட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம், தாளின் பின்புறமும் கோடு தெரிவது, கோட்டின் அடர்ந்த இடத்தில் வெடிப்பு ஆகியவை இரும்பு மைக்கு அறிகுறி. பிஸ்டர் இப்படிச் செய்யாது.

கேள்வி: ஓவியர் தம் விருப்பப்படி வரைந்தாரா, குருமார் சொன்னபடி வரைந்தாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: சட்டம் குருமாருடையது, கை ஓவியருடையது. திரெந்து பொதுச்சங்கம் 1563 டிசம்பரில் திருவுருவங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது: படங்கள் விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டும், தவறான போதனை கூடாது, வழக்கத்துக்கு மாறான படத்தை ஆயர் ஒப்புதல் இல்லாமல் வைக்கக்கூடாது. 1582-ல் போலோஞ்ஞா நகரக் கர்தினால் பலெயோத்தி, எழுத்தறியாதவருக்குப் படமே நூல் என்ற பழைய கருத்தை விரித்து ஒரு பெரிய நூலே எழுதினார். அதே ஆண்டில் அதே ஊரில்தான் கராச்சி குடும்பத்து ஓவியர்கள் தங்கள் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்கள்.

ஆணையைவிட ஆழமாகப் பாய்ந்தது இயேசு சபையின் தியான முறை. அந்தச் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த பயிற்சியில், தியானம் தொடங்குமுன் இடத்தை மனக்கண்ணில் அமைக்க வேண்டும். நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமவெளியா, பள்ளத்தாக்கா. பிறப்பு நடந்த குகை பெரியதா சிறியதா, கூரை தாழ்வா உயர்வா என்றெல்லாம் அது கேட்கிறது. இவை தாளில் பென்சில் வைக்குமுன் ஓவியர் தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் அல்லவா? இஞ்ஞாசியாரின் தோழர் நடால் தயாரித்த நற்செய்திப் படநூல் 1593-ல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்தது. 153 செப்புத் தகட்டுப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஆட்கள்மீதும் இடங்கள்மீதும் எழுத்துகள் பொறித்திருக்கும். கீழே அந்தந்த எழுத்துக்கு விளக்கம். இன்றைய அறிவியல் பாடநூல் படம் போலவே இருக்கும். வாசகர் எழுத்து வரிசைப்படி கண்ணை நகர்த்துவார். கண் நகர நகரத் தியானமும் நகரும்.

ஆண்ட்வெர்ப்பில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதற்குக் கணக்கேடுகளே சாட்சி. பிளாந்தின் அச்சகத்தின் பல்தசார் மொரேத்துஸ், ஓவியர் ரூபென்ஸின் பள்ளித் தோழர். செபப் புத்தகங்கள், திருப்பலிப் புத்தகம், அறிஞர்களின் இலத்தீன் நூல்கள் ஆகியவற்றுக்கு முகப்புப் படம் வரைந்தவர் ரூபென்ஸ். பெரிய ஃபோலியோ அளவு நூலுக்கு 20 கில்டர் (அன்றைய நாணயம்), நடுத்தர குவார்ட்டோவுக்கு 12, சிறிய ஆக்டாவோவுக்கு 8. கூலியில் ஒரு பகுதியை அவர் புத்தகங்களாகவே வாங்கிக்கொண்டார். இயேசு சபைத் துறவி அகிலோன் எழுதிய ஒளியியல் நூலுக்கு 1613-ல் ரூபென்ஸ் வரைந்த படங்களும் இந்த அச்சகத்துக்காகத்தான். துறவி கணிதம் எழுத, ஓவியர் அதற்குப் படம் வரைந்தார்.

வேலை முறை இது. முதலில் கறுப்புச் சாக்கட்டியில் மெல்லிய வரைவு; அதன்மேல் பேனாவும் பழுப்பு மையும்; நிழலுக்குத் தூரிகையில் நீர்த்த மை, அதாவது வாஷ். செதுக்குபவர் கூர்முனைக் கருவியால் வெளிக்கோடுகள்மீது அழுத்தித் தேய்த்துத் தகட்டுக்கு மாற்றுவார். அந்த அழுத்தத் தடம் இன்றும் பல தாள்களில் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அச்சில் எல்லாம் இடவலம் மாறும். ஓவியத்தில் வலக்கையால் ஆசீர்வதிக்கும் கிறிஸ்து, அச்சில் இடக்கையால் ஆசீர்வதிப்பார். எழுதும் புனிதர் இடக்கையால் எழுதுவார். ஆசீர்வாதம் இடக்கையில் வருவது சாதாரணப் பிழை அல்ல. அதனால் அச்சுக்கென்று வரைபவர்கள் பலர் தாளில் வேண்டுமென்றே இடக்கைப்படி வரைந்தார்கள். ஒரு பரோக் மை ஓவியத்தில் நற்செய்தியாளர் இடக்கையில் பேனா பிடித்திருந்தால், அது அச்சுக்காக வரைந்ததா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: மாசிக்காய், அன்னபேதி இரண்டும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கின்றன. அதே மையை வீட்டில் செய்ய முடியுமா? அளவு வேண்டும்.
– ஓவிய ஆசிரியை, மதுரை

பதில்: முடியும். மாசிக்காய் 30 கிராம், அன்னபேதி 10 கிராம், கருவேலம் பிசின் 6 கிராம், மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் 300 மில்லி.

மாசிக்காய் கனமாக, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். எடையில்லாமல் வெளிறி, துளை விழுந்திருந்தால் உள்ளிருந்த குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். அதில் துவர்ப்பு (டானின்) குறைவு. உரலில் இட்டு மிளகளவுக்கு உடையுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டுவது பெரும்பாடு. கண்ணாடிச் சாடியில் 250 மில்லி நீரில் 4 நாள் ஊறட்டும்; தினம் இருமுறை கிளறுங்கள். அவசரமென்றால் எனாமல் பாத்திரத்தில் சிறுதீயில் ஒரு மணி நேரம் காய்ச்சலாம். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம், அளவு கெட்டுவிடும்.

மெல்லிய பருத்தித் துணியில் இருமுறை வடிகட்டி அன்னபேதியைச் சேருங்கள். தெளிவான பச்சைப் படிகமாக இருப்பதே நல்லது. துருநிறப் பொடியாகியிருந்தால் ஏற்கெனவே காற்றில் கெட்டது, வாங்காதீர்கள். மீதி 50 மில்லி நீரை வெதுவெதுப்பாக்கிப் பிசினைத் தனியாகக் கரைத்துக் கடைசியில் ஊற்றுங்கள். பூஞ்சை வராமல் இருக்க இரண்டு கிராம்பு போதும். பழைய செய்முறைகளிலும் கிராம்பு உண்டு.

முதல் கோடு வெளிறிப்போய்த் தெரியும். பயப்பட வேண்டாம். இந்த மை சாடியில் கறுப்பதைவிடக் காகிதத்தில்தான் அதிகம் கறுக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த சேர்மம் நீரில் கரைந்து, ஏறக்குறைய நிறமற்றதாக இழைக்குள் இறங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் கரையாத கறுப்பாக மாறுகிறது. இழைக்குள்ளேயே கறுப்பதால்தான் சுரண்டினாலும் போகாது.

தவறுகள் எங்கே வரும்? அன்னபேதியைக் கூட்டினால் உடனே நல்ல கறுப்பு கிடைக்கும். அந்த ஆசையில்தான் பழைய ஓவியங்கள் பல அரித்துப்போயின. மூன்றுக்கு ஒன்று என்ற எடை விகிதத்தை 18-ஆம் நூற்றாண்டில் சோதனை செய்து பரிந்துரைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் லூயிஸ். அதைத் தாண்டாதீர்கள். பிசின் கூடினால் கோடு பளபளத்துப் பிறகு உதிரும். குறைந்தால் மை பேனாவிலிருந்து ஒழுகும். கோடு பஞ்சுபோல விரிந்தால் குற்றம் காகிதத்தில். ஜெலட்டின் பசை ஏற்றிய பருத்திக் காகிதம் வாங்குங்கள். மாசிக்காய் கிடைக்காவிட்டால் கடுக்காயிலும் செய்யலாம். அன்னபேதியோடு அதுவும் கறுக்கும். பரோக் முறையைப் பழகவேண்டுமென்றால் மாசிக்காயே சரி.

இந்த மையை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், நிப்பையும் அரிக்கும். அன்னபேதி உள்ளே போனால் குழந்தைகளுக்கு ஆபத்து. சாடியில் பெயர் எழுதி எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: இறகுப் பேனா சீவுவது எப்படி? நான் சீவினால் முனை பிளந்துவிடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பச்சை இறகைச் சீவுகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் பதப்படுத்த வேண்டும்.

கூஸ் வாத்து அல்லது வான்கோழியின் சிறகில் வெளிப்பக்கத்து ஐந்து பெரிய இறகுகளே பேனாவுக்கு உதவும். வலக்கையால் எழுதுபவருக்கு இடச்சிறகின் இறகு பொருந்தும். வளைவு கைக்கு வெளியே சாயும், கண்ணை மறைக்காது. விரல் பிடிக்கும் இடத்தில் தூவிகளை உரித்துவிடுங்கள். அடிநுனியைச் சிறிது வெட்டி இரவு முழுக்க நீரில் ஊறவையுங்கள். காலையில் மணலை வாணலியில் 170–180 டிகிரி வரை சூடாக்கி, தண்டுக்குள்ளும் மணல் நிரப்பி, சில நொடிகள் செருகி எடுங்கள். பால்போல் மங்கலாக இருந்த தண்டு கண்ணாடிபோல் தெளிந்தால் பதம் சரி. கொப்புளம் வந்தால் சூடு அதிகம். அந்த இறகு இனி நொறுங்கத்தான் செய்யும். ஆறியபின் கத்தியின் மழுங்கிய முதுகால் மேல்தோலைச் சுரண்டி, உள்ளிருக்கும் சவ்வை இழுத்து எறியுங்கள்.

முதல் வெட்டு அடிப்பக்கத்தில் சரிவாக. அடுத்து, நீங்கள் திணறும் பிளவு. வெட்டின் நடுவில் கத்தி முனையை வைத்து மேல்நோக்கி மெல்ல நெம்புங்கள். 5 அல்லது 6 மில்லிமீட்டரில் நிறுத்த, நகத்தை மேலே அழுத்திப் பிடித்திருங்கள். நகம் இல்லாமல் நெம்பினால் பிளவு ஓடிவிடும். பிளவு விழுந்தபிறகுதான் இரு தோள்களையும், அதாவது பிளவின் இருபக்க ஓரங்களையும், சீவ வேண்டும். பலர் முதலில் தோளைச் சீவிவிட்டுப் பிளவு போடுகிறார்கள், அது கோணலாக ஓடுகிறது. கடைசியில் முனையைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்துச் செங்குத்தாக ஒரே வெட்டு.

நாணல் பேனாவுக்குச் சூடு தேவையில்லை. கோடு தடித்து, முனை மொட்டையாக முடியும். மை சீக்கிரம் வற்றுவதால் கோட்டின் கடைசிப் பகுதி வறண்டு, காகிதம் தெரியும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1650-களில் நாணலை அதிகம் பிடித்தது அந்த வறட்சிக்காகத்தான் என்பது எங்கள் கணிப்பு. ஹாம்பர்க்கில் இருக்கும் அவருடைய எரோணிமுஸ் வரைவைப் பாருங்கள். நிலக்காட்சி நடுவே முனிவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அதை வைத்து 1653-ஐ ஒட்டி அவர் செய்த செப்புப் பதிப்பில், முனிவரின் உடம்பின் கீழ்ப்பகுதி வெறும் வெளிக்கோடு. கண் நேரே வாசிக்கும் முகத்துக்குப் போகும்.

கேள்வி: மாணவர்கள் நகலெடுத்துப் பழக யாரைத் தேர்ந்தெடுப்பது?
– ஓவியப் பயிற்சியாளர், கோவை

பதில்: இத்தாலிய ஓவியர் குவெர்ச்சினோ. 1591-ல் சென்ட்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். 1616-ல் அங்கேயே உருவம் வரையக் கற்பிக்கும் பள்ளி நடத்தினார். கண், காது, கை என்று உறுப்பு உறுப்பாக வரையக் கற்கும் அவருடைய வரைவுகள் 1619-ல் செப்புத் தகட்டு நூலாக வந்தன. ஒரே காட்சியை மை தொட்டு மூன்று நான்கு விதமாக வரைந்துபார்ப்பது அவர் பழக்கம்: இப்போது முனிவர் இடப்பக்கம் திரும்புவார், அடுத்த தாளில் வலப்பக்கம், ஒன்றில் வானதூதர் அருகில், இன்னொன்றில் மேகத்தில். மாணவருக்கு முடிந்த படத்தைவிட இந்த மாறுதல்கள்தான் பாடம்.

முதலில் அந்தக் காட்சிக்குரிய விவிலியப் பகுதியையோ புனிதர் வரலாற்றையோ வாசிக்கச் சொல்லுங்கள். யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று தெரியாமல் நகலெடுத்தால் கை எங்கே நீள்கிறது என்பதே பிடிபடாது. பிறகு படத்தை 10 நிமிடம் வெறுமனே பார்க்கட்டும். வெள்ளையாக விட்ட இடங்களை மட்டும் முதலில் குறிக்கட்டும். குவெர்ச்சினோவின் வெளிச்சம் என்பது மை படாத காகிதம்தான். திறந்த நூலின் பக்கமும் முனிவரின் நெற்றியும் பல தாள்களில் அப்படியே காகிதம். நீர்த்த மையில் தலைகளின் இடத்தை வைத்து, பிறகு அடர்மையில் உருவங்கள். பென்சிலும் அழிப்பானும் வேண்டாம்.

மாணவர்கள் செய்யும் பெரிய தவறு எல்லாக் கோட்டையும் ஒரே தடிப்பில் மூடி முடிப்பது. அவருடைய கோடு வெளிச்சப் பக்கம் அறுந்து நிற்கும், நிழற்பக்கம் மை தேங்கும். அடுத்த தவறு வாஷில். இரும்பு மை வாஷ் இடும்போது வெளிறியிருக்கும், பிறகு கறுக்கும். ஈரத்தில் நிழல் போதவில்லை என்று இரண்டாம் பூச்சு இட்டால் மறுநாள் கன்னம் கரிக்கட்டையாகியிருக்கும். ஒரு பூச்சு, ஓர் இரவு, பிறகு முடிவு.

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலில் பழைய கையெழுத்துத் தாள்கள் உள்ளன. இரண்டில் படமும் இருக்கிறது. மை போன இடமெல்லாம் பழுப்பாகி, சில எழுத்துகள் துளையாகிவிட்டன. லேமினேட் செய்யலாமா?
– பங்குப் பேரவை உறுப்பினர், தூத்துக்குடி

பதில்: தயவுசெய்து வேண்டாம். சூடும் பசையும் சேர்ந்து தாளைக் கொன்றுவிடும். பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம்.

நீங்கள் சொல்வது இரும்பு மையின் அரிப்பு. மை உண்டாகும்போதே கந்தக அமிலம் பிறக்கிறது. அது காகித இழையை வெட்டுகிறது. மையில் மிஞ்சிய இரும்பு காற்றோடு சேர்ந்து இழையை இன்னொரு வழியில் சிதைக்கிறது. குவெர்ச்சினோவின் ஓவியங்களிலேயே அடர்ந்த நிழல்கள் உதிர்ந்து ஓட்டையான தாள்கள் உண்டு. ஈரப்பதம் இரண்டு வேலையையும் வேகப்படுத்தும். கடற்கரை ஊரில் இதுதான் முதல் எதிரி.

தாளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நீர் பட்டால் மிஞ்சிய இரும்பு கரைந்து நல்ல இடத்துக்கும் பரவும். மடிக்காமல் தட்டையாக, அமிலமற்ற காகித உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள். எடுக்கும்போது கீழே விறைப்பான அட்டை கொடுத்து, அட்டையோடு தூக்குங்கள். வெடித்த தாள் தன் எடையிலேயே உடையும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பையும் ஈரப்பதமானியும் வைத்து 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக நிறுத்தப் பாருங்கள். ஏறி இறங்குவது உயர்ந்தே இருப்பதற்கு இணையான கேடு. பிரதி வேண்டுமென்றால் ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாமல், மேலிருந்து கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் ஒருமுறை நன்றாக எடுத்துவிடுங்கள். பிறகு தாளைத் தொட வேண்டிய தேவையே குறையும்.

சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் முதலில் வேதிச் சோதனைத் தாள் வைத்துப் பார்ப்பார். அது சிவந்தால் இரும்பு மிஞ்சியிருக்கிறது. கால்சியம் ஃபைட்டேட் கரைசல் அந்த இரும்பைக் கட்டிப்போடும், கால்சியம் பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும். ஃபைட்டேட் தவிட்டிலும் விதைகளிலும் இருக்கும் பொருளிலிருந்து வருவது. நெதர்லாந்தில் இந்த முறை உருவானது. வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல. முதலில் படம் உள்ள இரண்டு தாள்களையும் காட்டுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் கத்தோலிக்க நாடுகள். திருவுருவங்களை விலக்கியவர்கள் மை ஓவியத்தில் பக்தியை எப்படிக் காட்டினார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வாசிப்பவரை வரைந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் மென்னோனைட் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் போதகர் அன்ஸ்லோவை ரெம்ப்ராண்ட் 1640-ல் வரைந்து, 1641-ல் செப்புப் பதிப்பாக்கினார். போதகர் ஒரு கையால் திறந்த நூலைச் சுட்டுகிறார். பின்சுவரில் வெறும் ஆணி. படம் ஒன்று கீழே இறக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. படத்தைவிடச் சொல் மேல் என்பதாகவே இதைப் பல அறிஞர்கள் வாசிக்கிறார்கள். அதைச் சொல்லவும் ஒரு படம் தேவைப்பட்டது என்பது எங்களை எப்போதும் நெகிழ்விக்கும் விஷயம்.

இந்தியாவோடு உண்மையான தொடர்பு ஒன்றும் இங்கே உண்டு. 1656 முதல் 1661 வரையிலான காலத்தில் ரெம்ப்ராண்ட் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து 20-க்கும் மேற்பட்ட மை ஓவியங்கள் வரைந்தார், பெரும்பாலும் ஆசியக் காகிதத்தில். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒன்றில், தாடி வளர்த்த நான்கு இஸ்லாமியப் பெரியவர்கள் மரத்தடியில் அமர்ந்திருக்கிறார்கள். அதற்கு இணையான முகலாயச் சிற்றோவியம் வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனைச் சுவரில் பதித்திருக்கிறது. அதே அமர்வுதான் 1656-ல் ஆபிரகாம் வானவர்களுக்கு விருந்தளிக்கும் அவருடைய செப்புப் பதிப்பில் வருகிறது: மேசை நாற்காலி இல்லை, எல்லோரும் தரையில். ஆபிரகாமின் காலத்து மக்கள் எப்படி உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்ற கேள்விக்கு, பைபிளைத் திறந்து வைத்திருந்த ஓவியர் இந்தியப் படத்தில் விடை தேடியிருக்கிறார்.

கேள்வி: இவற்றை எங்கே பார்க்கலாம்?
– மாணவி, சென்னை

பதில்: குவெர்ச்சினோவின் தாள்கள் மிகப் பெரிய எண்ணிக்கையில் இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் உள்ளன. ரூபென்ஸ் வேலை செய்த அச்சகம் ஆண்ட்வெர்ப்பில் பிளாந்தின்-மொரேத்துஸ் அருங்காட்சியகமாக நிற்கிறது. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மை ஓவியங்கள் ஒளியில் கெடுபவை. 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சத்தில், சில மாதம் மட்டுமே காட்சிக்கு வைப்பார்கள். ஆகவே நேரில் போனாலும் சுவரில் இருக்கும் என்று நம்பாமல், தாளின் எண்ணைக் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பல அருங்காட்சியகங்களில் படிப்பறை உண்டு. போக இயலாதவர்களுக்கு அந்த நிறுவனங்களின் இணையத் தொகுப்புகள் போதும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, முதலில் முகத்தை அல்ல, புத்தகம் பிடித்த கையைப் பாருங்கள். ஓவியர் எத்தனை முறை அந்தக் கையை மாற்றி வரைந்தார் என்பது அங்கே தெரியும்.